உப்புப் போதவில்லை

14 ஆகஸ்டு 1943, சனி

இன்றும் மரவள்ளிக்கிழங்குதான். இன்றும் என் வீட்டுக்காரர் உப்புப் போதவில்லை என்றார். கடைக்கு உப்பு வந்தால்தானே வீட்டுக்கு வரும்? ஊரைப் பிடித்து வைத்திருக்கும் ஜப்பான்காரனிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். ஊருக்கு வெளியே செங் பக்கம் ரப்பரைக் காய்ச்சி லாரிக்கு எண்ணெய் எடுக்கும் கொட்டகையில் வேலை. மாலையில் வாசலில் நின்று காஜா பெராங் தெரு முழுக்கக் கேட்கும்படி “மதி” என்று என்னைக் கூப்பிடுவார். மானம் போகிறது.

17, செவ்வாய்

இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன்.

மத்தியானம் கொட்டகையில் தீ. புகைக்குள் மாட்டிக்கொண்ட, கூட வேலை செய்யும் உமரை இவர்தான் இழுத்து வந்தாராம். வீட்டுக்கு வந்தபோது முகமெல்லாம் கரி, உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. “ஒன்னுமில்ல மதி” என்றார். குரல் கம்மியிருந்தது. களைப்பு என்று நினைத்தேன். காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்திப் படுக்க வைத்தேன்.

தீயிலிருந்து பிழைத்து வந்தவருக்குத் திருஷ்டி கழிக்க வேண்டாமா? டப்பாவிலிருந்த உப்பு முழுவதையும் மிளகாயோடு சேர்த்துச் சுற்றி, கட்டில் பக்கத்திலேயே தணலில் போட்டேன். நெடி வராவிட்டால்தான் கண்ணேறு என்பார்கள். வந்தது. இருமல் பிடித்தவருக்கு நிற்கவே இல்லை. கறுப்பாகச் சளி. உதடு நீலம். ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிட்டேன்!

தணலில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுத்த வீட்டு ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கலியாணசுந்தரத்தைக் கூட்டி வந்தேன். ஜன்னலைத் திறந்து, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ரிக்‌ஷாவுக்கு ஆள் அனுப்பினார். “வெளிய கொப்புளம் இல்லன்னா உள்ள வேகலன்னு அர்த்தமா, தங்கச்சி? குரல் கம்முனப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கணும்” என்றார். மிளகாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவரும் தும்மிக்கொண்டுதான் இருந்தார்.

18

மூச்சு இருக்கிறது. பேச்சு இல்லை.

20

தொண்டை உள்ளே வீங்கியிருக்கிறதாம். புகை குடித்த அன்றைக்கு நன்றாக இருப்பவர்கூட மறுநாள் திணறலாம், அதனால்தான் விடாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார் டிரெஸ்ஸர்.

இவர் என்னைப் பார்த்துத் தன் தலையைச் சுற்றி விரலால் வட்டம் போட்டார். திருஷ்டி சுற்றுகிறாராம். கிண்டல் பண்ற நேரமா இது? அழுதுவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

25, புதன்

வீட்டுக்கு வந்தாயிற்று. தலையணையை உயர்த்தி வைக்க வேண்டும், பேசக்கூடாது, சுருட்டு கூடாது, புகையே கூடாது. அடுப்பைக் கொல்லைக்கு மாற்றிவிட்டேன். குரல் திரும்புமா என்று கேட்டதற்கு, திரும்பலாம் தங்கச்சி என்றார் டிரெஸ்ஸர். அந்த ‘லாம்’ பிடிக்கவில்லை.

உமர் தேறிவிட்டார். எங்கே கிடைத்ததோ, ஒரு பொட்டலம் உப்பு கொண்டுவந்தார். வெகுநேரம் இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

27, வெள்ளி

சாம்பிராணி போடவில்லை. சாமிக்குப் புரியும்.

31

மாலையானால் காது தானாக வாசலுக்குப் போகிறது. அவரோ உள்ளேதான் படுத்திருக்கிறார். மானம் போனால் போகட்டும், ஒரு தடவை கூப்பிடக்கூடாதா?

5 செப்டம்பர், ஞாயிறு

கிழங்கைக் கொடுத்துவிட்டுக் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து “மதி” என்று ஒரு சத்தம். கரகரவென்று, பாதி காற்று. சாம்பல் கையோடு ஓடினேன்.

“உப்பு பத்தல.”

காதில் விழவில்லை என்றேன். மறுபடி சொன்னார். அப்போதும் விழவில்லை என்றேன். புரிந்துகொண்டு சிரித்தார்.

உமர் கொடுத்த பொட்டலத்தில் உப்பு நிறைய இருக்கிறது. நாளைக்கும் கொஞ்சம் குறைத்தே போடுவேன்.