ஆயா இல்லப்பா

கலை,

மாரண்டஹள்ளியில நீயும் புதுசா பொறந்தவனும் நல்லா இருக்கீங்களா? போன்ல பேசினா உங்கம்மா பக்கத்துலயே இருப்பாங்க. அதனாலதான் எழுதறேன்.

பாப்பா கொஞ்ச நாளா என் சட்டையைப் பிடிச்சு இழுத்து "ஆயா, ஆயா"ன்னா. உங்கம்மாவைத் தேடறாள்னு நானும் வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். "என் தங்கம், ஆயா வேணுமா சாமி?"ன்னு அவங்க உருகி முடிக்கறதுக்குள்ள ஜட்டியிலயே போயிடுவா. ரெண்டரை வயசாச்சு, முன்னாடியே சொல்லத் தெரியாதான்னு ஒருநாள் கத்திட்டேன். அதுக்கப்புறம் அவ கூப்பிடவே இல்ல.

நேத்து பாத்ரூம் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னா. என்னைப் பார்த்ததும் முகம் செவக்க முக்கிக்கிட்டே, "ஆயா இல்லப்பா, ஆயா இல்ல"ன்னா.

அப்பத்தான் உறைச்சது. அவ கேட்டது உங்கம்மாவை இல்ல. ஆய் வருதுன்னு வர்றதுக்கு முன்னாடியே வந்து சொல்லியிருக்கா. தூங்கி எழுந்தாலும் டயப்பர் காஞ்சே இருக்கு. இதுக்கு மேல என்ன சிக்னல் கொடுப்பா? சத்தத்தைக் கேட்டே மோட்டார்ல பேரிங் போச்சுன்னு சொல்றவன் நான்.

கத்திட்டேன்னு மேல எழுதியிருக்கேன். கதவுக்குப் பின்னால அவ பொத்திக்கிட்டது காதை இல்ல கலை, கன்னத்தை.

இப்படிக்கு,
பாப்பாவோட அப்பன்