காலைதோறும் பூட்டிக்கொள்ளும் கணக்கு

நவம்பர் 4, திங்கள்

இன்றும் கணக்கு பூட்டிக்கொண்டது. மீன் ஏலம் சூடுபிடிக்கும் நேரத்தில் பதிவு மேஜைக் கணினிகள் எல்லாம் ஒன்றாகக் கையை விரித்தன. ஏல சர்வருக்குள் நுழைய எல்லோருக்கும் ஒரே லாகின் கணக்குதான். ஒரு கணினி பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துக்கொண்டே இருந்தால் அத்தனை பேருக்கும் கதவு அடைபடும். ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் ஓடிப்போய்ப் பூட்டைத் திறப்பதற்குள் வியாபாரிகள் பிடித்துக்கொண்டார்கள். "ஏ கம்ப்யூட்டர் பொண்ணு! செத்த மீனே கண்ணத் தொறந்துட்டுக் கெடக்கு, உன் பெட்டி கண்ண மூடிக்கிச்சே!" கானாங்கெளுத்திக் கூடைகளுக்கு நடுவே ஒரே சிரிப்பு. பூசான் துறைமுகத்தில் பிறந்தவளுக்குச் சந்தை வாய் புதிதல்ல. ஆனாலும் சுருக்கென்றது.

நவம்பர் 5

மறுபடியும்.

நவம்பர் 6, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். தப்பான பாஸ்வேர்டு எங்கிருந்து வருகிறது என்று சர்வரே குறித்து வைக்கிறது. மூன்றாம் மாடி, சந்தை டைரக்டர் திரு. மா அவர்களின் அறை. ஏல விலை பார்க்க அவர் வைத்திருக்கும் பெரிய திரை. போன வாரம் பாஸ்வேர்டை மாற்றியபோது எல்லாக் கணினியிலும் புதியதைப் போட்டோம். அவர் அறைக்குள் போக மட்டும் யாருக்கும் துணிச்சல் இல்லை. அவர் விடியுமுன்னே வந்து திரையைப் போட்டதும் அது பழையதையே தானாக நாலைந்து தடவை அடித்துப் பார்த்துவிட்டு ஓய்கிறது.

டீம் லீடர் ப்யோவிடம் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"'அந்தத் திரைய நானே மாட்டினேன்'னு வர்றவன் போறவன்கிட்டல்லாம் பெருமையடிக்கிறாரு. அவருகிட்ட 'சார், தப்பு உங்களோடது'ன்னு நீ போய்ச் சொல்லுவியா? பேசாம தினமும் தொறந்து விடு."

சரி செய்ய ஒரு நிமிஷம் போதும். ஒரே நிமிஷம்!

நவம்பர் 14, வியாழன்

விடியுமுன் போகிறேன், அவர் பூட்டுகிறார், நான் திறக்கிறேன். இதற்கா படித்தேன்?

நாளை கூட்டமாம். தன் திரையில் ஒன்றுமே வருவதில்லை, சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் தூங்குகிறார்கள் என்று டைரக்டருக்குக் கோபம். மதியம் ப்யோ எனக்குப் பன்றிச் சூப்பும் சோறும் வாங்கிக் கொடுத்தார். அவர் காசில் நான் சாப்பிட்டது இதுவே முதல் தடவை. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

"சொன்ஹ்வா, பழிய நீ ஏத்துக்க. உன் வேலைய நிரந்தரம் பண்றதுக்குக் கையெழுத்துப் போடறவரு டைரக்டர்தான். நாலு பேர் முன்னால அவரு முகம் சுண்டினா உனக்குத்தான் நஷ்டம்."

நிரந்தரமானால் அம்மா ஓட்டலில் பாத்திரம் கழுவப் போகவேண்டாம். அதை நினைத்துக்கொண்டே சூப்பைக் குடித்து முடித்தேன்.

நவம்பர் 15

எல்லோர் முன்னும் இடுப்பு வளைய வணங்கிச் சொன்னேன்: "என் கவனக்குறைவுதான் சார். மன்னிக்கணும்." ப்யோ தன் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். டைரக்டர் பெருந்தன்மையாகச் சிரித்தார். "சின்னப் பொண்ணு, போகட்டும். சீக்கிரம் என் திரையைச் சரி பண்ணு."

"இப்பவே உங்க அறைக்கு வரட்டுமா சார்?"

"என் அறையில என்ன வேலை? சர்வர்ல பண்ணு!"

நவம்பர் 29, வெள்ளி

நிரந்தரம் இல்லை. ஒப்பந்தம் இன்றோடு முடிந்தது. கடிதத்தில் காரணம்: "கவனக்குறைவு; ஊழியரே ஒப்புக்கொண்டிருக்கிறார்."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

"மேலிடத்து முடிவும்மா," என்றார் ப்யோ. மேலிடமாம்! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா முத்தா உதிர்ந்துடும்? சூப்பு வாங்கிக் குடுத்துட்டா போதுமா?

நான் பையைக் கட்டும்போதே என் சொந்த அலுவலகக் கணக்கைப் பூட்டிவிட்டார். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்.

டிசம்பர் 9

பெட்டிக்கடை மாதிரி ஒரு இருபத்துநாலு மணி நேரக் கடையில் கல்லா வேலை. அம்மா இன்னும் பாத்திரம் கழுவுகிறாள்.

ஜனவரி 13, திங்கள்

விடியுமுன் போன். ப்யோ.

"சொன்ஹ்வா... உன் இடத்துக்கு ஆள் போடல. தினமும் நானே வந்து தொறக்கறேன். இன்னிக்கும் பூட்டிக்கிச்சு. இதுக்கு ஒரு முடிவே இல்லியா?"

"மூணாம் மாடிக்குப் போங்க சார். புது பாஸ்வேர்ட அடிங்க."

பின்னால் ஏலக்காரர் குரலும் ஐஸ் கொட்டும் சத்தமும் கேட்டன.

"அது இல்லாம... வேற வழி?"

"இருக்கு சார். இப்ப பண்றீங்களே, அதுதான்."

போனை வைப்பதற்குள் யாரோ கத்தியது தெளிவாகக் காதில் விழுந்தது: "ஏ கம்ப்யூட்டர் மாமா! மீன் கண்ணத் தொறந்துட்டு இருக்குய்யா!"