பாங்கு கேட்கும் தூரம்

உடப்பு
12.08.2012

என் அன்பு லெய்லா ராத்தாவுக்கு,

அம்மன் புண்ணியத்தில் நாங்கள் எல்லாரும் சுகம். நீங்கள் நோன்போடு இருப்பீர்கள். மன்னாரில் கஞ்சி யார் காய்ச்சுகிறார்கள்? உங்கள் கைக் கஞ்சி கிடைக்காமல் எனக்கு வந்த முதல் நோன்பு மாதம் இது. போனில் கதைக்கலாம்தான். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

மகன் சதீஸ் கட்டிய வீட்டில் குறை ஒன்றுமில்லை. ஆனால் தில்லையடியில் உங்கள் வேலிக்குப் பக்கத்திலேயே இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவளுக்கு இந்த ஊர் இன்னும் பிடிபடவில்லை. மகனோடு வந்து இருப்பது நல்லதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு கூத்து நடந்தது. திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்புக்கு முதல் நாள் பின்னேரம், பெண்கள் எல்லாரும் வாசலில் இருந்து பூக் கட்டிக்கொண்டிருந்தோம். காற்று திரும்பி, பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலின் தொழுகைப் பாங்கு மெல்லக் கேட்டது. என்னை அறியாமல் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுவிட்டேன். உங்களோடு இருந்து பழகிய கை. அவ்வளவு பேரும் கதையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். மருமகள் சுஜாந்தி பதறிப்போய், "மாமி, மாமா உசிரோட இருக்கக்குள்ள என்ன இது முக்காடு?" என்றாள். இங்கே புருசனைப் பறிகொடுத்தவள்தான் முக்காடு போடுவாளாம்.

இவர் கேள்விப்பட்டு, "நான் இன்னும் போகல்ல புள்ள, கொஞ்சம் பொறு" என்று சிரிக்கிறார். சதீஸ் சிரிக்கவில்லை. "கோயில் வாசல்ல வச்சு இப்பிடிச் செஞ்சா ஊர் என்ன கதைக்கும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ராத்தா, அந்தச் சத்தம் கேட்டால் என் நெஞ்சு அடங்குகிறது. என் மூத்த மகள் காய்ச்சலில் செத்துப்போன அந்த வருடம் நான் நித்திரை இல்லாமல் கிடந்தது உங்களுக்குத் தெரியும். விடியச் சுபஹுப் பாங்கு கேட்ட பிறகுதான் கண்ணை மூடுவேன். பிறகு அதுவே பழக்கமாகி, பாங்குக்கு முன்னமே எழும்பிக் காத்திருப்பேன். வேலித் தகரத்தில் தட்டி உங்களைத் தொழுகைக்கு எழுப்புவதும் என் வேலையானது. அம்மனை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் பாங்கும் எனக்குச் சொந்தம் என்று மனது சொல்கிறது. அது பிழையா? நீங்கள் சொன்னால் கேட்பேன்.

உங்கள் தங்கச்சி
ராசம்மா

மன்னார்
09.09.2012

அன்புத் தங்கச்சி ராசம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெருநாள் நல்லபடியாக முடிந்தது. பள்ளிக்குக் கூரை போட்டாகிவிட்டது. சண்டைக் காலத்தில் விட்டுவிட்டு வந்து, காடு மண்டிக் கிடந்த எங்கள் காணியில் பாதியைத் துப்புரவாக்கியிருக்கிறோம்.

நீ கேட்டிருந்ததை மகன் அர்கமிடம் காட்டினேன். அவன் மதரசாவில் ஓதியவன், எனக்கு என்ன தெரியும்? மனதில் ஈமான் வந்திருந்தால் கலிமாச் சொல்லி எங்கள் மார்க்கத்துக்கு வரட்டும், வரவில்லையென்றால் முக்காடும் வேண்டாம் என்கிறான். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. உன் வீட்டிலும் சச்சரவு இருக்காது.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

சித்தி லெய்லா

உடப்பு
02.10.2012

லெய்லா ராத்தாவுக்கு,

கடிதம் வந்தது. 'ராத்தா' என்று போடாமல் 'சித்தி லெய்லா' என்று முழுப் பெயரை எழுதியிருந்தீர்கள். தபால்காரர் வேறு யாருடைய கடிதத்தையோ தந்துவிட்டார் என்று நினைத்தேன்.

மார்க்கத்துக்கு வரவா என்று நான் கேட்கவில்லை. அது அர்கமுக்கு விளங்காது. பிள்ளை மேல் கோபமில்லை, என் இடுப்பில் இருந்து வளர்ந்தவன். உங்களுக்கு விளங்கும் என்று நினைத்தேன். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

சொன்னால் கேட்பேன் என்று எழுதினேன், கேட்கிறேன். இப்போது காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் உள்ளே போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுகிறேன். சுஜாந்திக்குச் சந்தோசம். இனி இதைப் பற்றி எழுத மாட்டேன்.

ராசம்மா

மன்னார்
17.02.2013

என் ராசம்மாவுக்கு,

இத்தனை மாதமாகப் பேனையை எடுப்பேன், திரும்பவும் வைப்பேன். வெட்கம்தான், வேறென்ன. போன கடிதத்தில் கை மட்டும்தான் என்னுடையது.

இங்கே பள்ளியில் புது ஒலிபெருக்கி பூட்டி ஊரையே எழுப்புகிறார்கள், நான் மட்டும் எழும்புவதில்லை. சுபஹுத் தொழுகை தப்பித் தப்பிப் போகிறது. போன கிழமை அர்கம் சத்தம் போட்டான். "உம்மா, தில்லையடியில உங்களுக்கு ஒரு நாளும் சுபஹு களாவாகல்லையே, இங்க வந்து என்ன நடந்த?"

"அங்க ராசம்மா தகரத்தில தட்டுவா மகன்" என்றேன்.

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். நீ விடிய எழும்பி ஓதப் போனதும் அவ தட்டின தட்டிலதான்."

அவன் பகல் சோற்றைப் பிசைந்து பிசைந்து பாதியில் வைத்துவிட்டான். பிறகு என் போனை வாங்கி, உன் நம்பரைப் பதிந்து தந்து, "ராசம்மா மாமிட்டச் சொல்லுங்க உம்மா, சுபஹுக்கு ஒரு மிஸ்கோல் அடிக்கச் சொல்லி" என்றான்.

முதல் வேலையாக அந்த ரேடியோவை நிப்பாட்டு. காற்று வராத நாளிலும் அந்த நேரத்துக்கு உனக்கு விழிப்பு வரும், எனக்குத் தெரியாதா? முக்காடு போட்டாயா இல்லையா என்று நான் கேட்க மாட்டேன், அது உன் காரியம். மிஸ்கோலை மட்டும் அடி. நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் இரண்டு பேரும் அழுது, இருக்கிற தொழுகையும் தப்பிப் போகும். தகரத்தில் நீதான் தட்டுகிறாய் என்று எழும்பிவிடுவேன்.

உன்
ராத்தா