காலியாக விட்ட கட்டங்கள்

கார்த்திகை 3, செவ்வாய்

கடலுக்குப் போன தம்பி திரும்பாமல் ஒரு வருடமாகிறது. உடலும் கிடைக்கவில்லை. கருமாதி செய்துவிடலாம் என்று இன்று வைத்திக்குப்பத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மீன் அரிவதை நிறுத்தவில்லை.

“நீதானடி சொன்ன? ரஷ்யாக்காரன் அட்டவணை போட்டப்ப, தெரியாததுக்கெல்லாம் கட்டத்தக் காலியா உட்டான், பின்னால ஒண்ணொண்ணா வந்து ஒக்காந்துச்சின்னு. ஒந்தம்பிக்கு ஒரு கட்டம் உட்டா ஒனக்கு என்னா?”

“அது கெமிஸ்ட்ரிம்மா.”

“ஒம்பாடம் காலேஜுப் புள்ளைங்களுக்கு மட்டுந்தானா?”

தனிம அட்டவணையின் காலிக் கட்டங்களில் கேலியமும் ஜெர்மானியமும் பின்னால் வந்து பொருந்திய கதையை வகுப்பில் எப்போதும் சொல்வேன். அட்டவணை போட்ட அதே மனிதர் முதுமையில் ஹைட்ரஜனுக்கும் முன்னால் இரண்டு தனிமங்களுக்கு இடம் ஒதுக்கினார். அவை வரவேயில்லை. அப்படி எதுவும் உலகில் இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா மீன்தலையைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்தாள். அது அவனுக்கு. சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் வீடு திரும்பியதிலிருந்து, வாசலில் யாரோ ஈரத்துணியோடு நிற்பதுபோல் இருக்கிறது. போய்ப் பார்த்தேன். யாருமில்லை. கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட மட்டும் கை வரவில்லை.