தப்பாகத் தைத்த துணி

அன்புள்ள மாஸ்டரம்மாவுக்கு,

உன் கடை இஸ்திரிக்காரன், அதாவது உன் வீட்டுக்காரன், எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் கண்கட்டை அவிழ்க்கும்வரை இதைக் கொழுந்தியாள்தான் படித்துச் சொல்ல வேண்டும். கொழுந்தியாளே, உன் அக்காவைத் திட்டும் இடங்களைச் சத்தமாகப் படி. கொஞ்சும் இடம் வந்தால் காகிதத்தை அவள் கையில் கொடுத்துவிடு, துணியைப் போலத் தடவியே தெரிந்துகொள்வாள்.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. நீ வரும்வரை கடையில் தைக்கப் புதுத் துணி வாங்குவதில்லை. இஸ்திரி, பட்டன், ஓரம் மடிப்பது, அவ்வளவுதான். பொழுது போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு காரியத்தைக் கெடுத்துவிட்டேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம் ஒரு பெண் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மாடிக்கட்டடத்தில் படி கூட்டித் துடைக்கிறவளாம். தயங்கித் தயங்கி, "அக்கா இல்லீங்களா? தப்பாத் தைச்ச ஸ்கூல் சட்டை ஏதாவது இருந்தா எடுத்து வைக்கிறேன்னாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தெருவில் உன் கத்தரி தவறியதாக ஒரு பேச்சு உண்டா? "எங்க மாஸ்டரம்மா ஒரு நாளும் தப்பாத் தைச்சதில்லம்மா. வேற கடையில கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போனது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் குழந்தை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

அப்புறம் பட்டன் டப்பாவைத் தேடியபோது, உன் மிஷினுக்குப் பின்னால் இருக்கும் தகரப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒன்பது உருப்படிகள். ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. 'காலர் பெரிசு.' 'கலர் மாறிப்போச்சு.' 'தோள் இறக்கம்.' டேப்பை எடுத்து ஒன்று விடாமல் அளந்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. எல்லாம் மிச்சத் துணியில் தைத்தவை. மிச்சத் துணி எங்கே போகிறது என்று கேட்கும்போதெல்லாம் எலி கடித்துவிட்டது என்பாயே! உன் பேச்சை நம்பி எத்தனை எலிப்பொறி வைத்தேன்! ஒரு வால்கூடச் சிக்கியதில்லை.

அடியில் ஒரு பொட்டலம் இருந்தது. வெட்டியதோடு நின்றுபோன துணி. சீட்டில், 'படி துடைக்கிறவள் மகள், வயசு ஏழு, பள்ளிக்கூடம் திறக்கும் முன்னே' என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடம் திங்கட்கிழமை திறப்பதாக இருந்தது. கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு உன் மிஷினில் உட்கார்ந்தேன்.

சிரிக்காமல் கேள். இடது கையை வலது தோளில் வைத்துத் தைத்துவிட்டேன். பிரித்தேன், மறுபடி தைத்தேன், மறுபடி பிரித்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க இதே பாடு. கடைசியில் சட்டை என்று ஒன்று வந்தது. ஆனால் ஒரு கை மற்றதைவிட இரண்டு விரல் நீளம்.

சனிக்கிழமை அந்தக் கட்டடத்துக்குப் போனேன். மூன்றாம் மாடிப் படியில் துடைத்துக்கொண்டிருந்தாள். சட்டையைத் தொடவில்லை. "அக்கா தப்பாவே தைக்க மாட்டாங்கன்னா, இத்தனை நாளா எனக்குக் குடுத்ததெல்லாம் என்னங்கய்யா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது. நீ பொத்திப் பொத்திக் காப்பாற்றிய அவள் மானத்தை ஒரே வார்த்தையில் போட்டு உடைத்திருக்கிறேன், பார்.

பாதியை மறைத்துப் பாதி உண்மையைச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. இது நான் தைச்சது. மாஸ்டரம்மா வந்து பாத்தா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. அதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சட்டையின் இரண்டு கைகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்த முடியாமல் சிரித்தாள். "நிஜமாவே தப்பாத்தாங்கய்யா தைச்சிருக்கீங்க" என்றாள். நீளமான கையைத் தானே மடித்துத் தைத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. குடையை அங்கேயே விட்டுவிட்டு நனைந்துகொண்டு வந்தேன். திங்கட்கிழமை காலையில் அந்தக் குழந்தை கடை வாசலில் நின்று, மடித்துத் தைத்த கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடியது. அன்று முழுக்க எனக்குப் பசிக்கவே இல்லை.

இத்தனை வருஷமும் இந்தச் சந்தோஷத்தை நீ தனியாகவே அனுபவித்திருக்கிறாய். எனக்கு அதில்தான் கோபம். என் வாய்க்குப் பயந்துதானே மறைத்தாய்? ஒரு முழத் துணிக்குக்கூட முணுமுணுக்கிறவன்தானே நான். வெட்கமாக இருக்கிறது. தகரப்பெட்டியை இப்போது கடைக்கு முன்னால் எடுத்து வைத்திருக்கிறேன். எலிப்பொறிகளைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

கட்டு அவிழ்த்தாலும் ஊசியில் நூல் கோக்கும் அளவுக்குப் பார்வை வருமா என்று சொல்ல முடியாது என டாக்டர் சொன்னதாகக் கொழுந்தியாள் எழுதியிருந்தாள். நீ அதை நினைத்துச் சாப்பிடாமல் இருக்கிறாயாம். சாப்பிடு. எப்படி இருந்தாலும் திரும்பி வந்து மிஷின் பக்கத்தில் உட்கார். நீ தடவிப் பார்த்துச் சொல், நான் வெட்டுகிறேன். தப்பாக வெட்டினால் என்ன, வாங்கிக்கொள்ள நமக்கு ஆள் இருக்கிறதே.

உன் வரவை எதிர்பார்த்து,
உன் இஸ்திரிக்காரன்