உன் மாமனை மணல்திட்டில் நிறுத்தியது

கச்சிராயபாளையம்,
12.5.1989

அன்பு மகள் அம்சவள்ளிக்கு அப்பா ஆதிமூலம் எழுதுவது. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி கண்ணகியும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை செவ்வந்தியும் இரண்டு மாடும் சுகம், சுகமில்லாதது என் மானம் மட்டும்தான். வேறு வாயால் உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மாசி மகத்தன்று கிள்ளைக் கடலோரத்தில் உன் அப்பன் நான் வேட்டி இல்லாமல், கோடு போட்ட அண்டர்வேரோடு, கையில் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு ஊர் ஜனத்துக்கு நடுவே நின்றேன். தீர்த்தவாரி பார்க்க வந்தவர்கள் என்னையும் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

சாமி குளித்து முடிந்ததும் நானும் அம்மாவும் உன் மாமன் ராஜாங்கமும் கழிமுகத்துப் பக்கம் தூண்டில் போட உட்கார்ந்தோம். நம் கோமுகி அணையில் நான் எப்படிச் செய்வேனோ அப்படியே வேட்டியை அவிழ்த்து மடித்து, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே வைத்து, அதன்மேல் செருப்பையும் வைத்துவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். முப்பது வருஷமாக அணையில் மீன் பிடிக்கிறேன், வைத்த வேட்டியைத் தண்ணீர் வந்து எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும், இறங்கும், பௌர்ணமியில் இன்னும் ஜாஸ்தி ஏறும் என்பதெல்லாம் கரும்பு வெட்டுகிறவனுக்கு யார் சொன்னார்கள்? திரும்பிப் பார்த்தால் வேட்டியும் இல்லை, செருப்பும் இல்லை, வைத்த இடமே இல்லை. மேட்டில் உட்கார்ந்திருந்த ராஜாங்கம் அத்தனையும் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தான். நாத்திகன் கூட அந்த நேரத்தில் ஒரு சத்தம் கொடுத்திருப்பான்.

அதோடு விட்டானா? பங்குனியில் சின்னசேலத்துக் கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "எங்க மாமா கடலுக்கே வேட்டி எடுத்துக் குடுத்தவரு, சம்பந்தம் பேசிக்கினு வந்தாரா இன்னான்னு கேளுங்க" என்றான். ரசம் ஊற்றியவன் சிரித்ததில் பாதி ரசம் என் மடியில். எனக்கு ரத்தம் கொதித்தது, ரசமும் கொதித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வைகாசியில் செவ்வந்திக்கு நிச்சயம், ரிஷிவந்தியத்துச் சம்பந்தி வீட்டார் முப்பது பேர் வருகிறார்கள், தாய்மாமன் என்று இவனை முன்வரிசையில் உட்கார வைத்தே ஆக வேண்டும். புதுச் சம்பந்தி என்னை முதல்முதலாக அண்டர்வேரோடு நினைத்துப் பார்க்கவா நான் பெண்ணைப் பெற்றேன்? அன்றைக்கே முடிவு செய்தேன், நிச்சயத்துக்கு முன்னால் இவன் வாயைக் கட்டுவது, அதையும் அதே தண்ணீரை வைத்தே கட்டுவது என்று.

சித்திரைப் பௌர்ணமிக்கு, பெரிய மீன் படுகிறது என்று ஆசை காட்டி, நானும் அம்மாவும் அவனை அதே கிள்ளைக்குக் கூட்டிப் போனோம். படகுக்காரர் அம்மாசியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன், கழிமுகத்து நடுவில் இருக்கிற மணல்திட்டில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று. "தொடை மட்டும்தாங்க, ஆளுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். கொலைகாரன் என்று என்னை நினைத்துவிடாதே, நான் கணக்காகப் பழிவாங்குகிறவன். ராஜாங்கத்தைத் தூண்டிலோடு திட்டில் இறக்கிவிட்டு, நாங்கள் படகைச் சுரபுன்னைப் புதருக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டோம். உன் அம்மா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். கணுக்கால் நனைந்தது, முழங்கால் நனைந்தது. "மாமா, தண்ணி ஏறிக்கினு கீது, எங்க பூட்டீங்க?" என்று கத்தினான். எனக்கு அந்தப் புளிச்சோறு அமிர்தமாக இறங்கியது. "யோவ் மாமா!" என்றான். யோவ் என்றதற்காக இன்னும் இரண்டு வாய் மெதுவாகச் சாப்பிட்டேன். கைக்கடியாரத்தைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றபோதுதான் படகை நகர்த்தச் சொன்னேன். ஏற்றவில்லை, எட்ட நிறுத்தினேன். செவ்வந்தி நிச்சயத்தில் அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன் என்று அர்த்தநாரீஸ்வரர் மேல் மூன்று தரம் சத்தியம் வாங்கினேன். மூன்றாவது சத்தியத்தின் நடுவில் அவன் தூண்டிலை ஏதோ இழுத்தது. முழங்கை நீளக் கொடுவா மீன், ஏறுகிற தண்ணீரோடு வந்திருக்கிறது. சத்தியத்தை முடித்துவிட்டு இழுடா என்றேன், இழுத்துக்கொண்டே முடித்தான். எனக்கு அன்றைக்கு ஒரு கெளுத்திகூடப் படவில்லை. அவன் பிடித்த மீனை நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, குழம்பு கொதித்த பிறகு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன். போகட்டும், ஜெயித்தது நான்தான்.

நீங்கள் மூன்று பேரும் நிச்சயத்துக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள், சேலத்தில் இறங்கிச் சின்னசேலம் வண்டி மாறுங்கள், டிக்கெட்டை இப்போதே போடச் சொல். கண்ணகிக்கு வெயில் நேரத்தில் மோர் கொடு, ஐஸ் வாங்கிக் கொடுக்காதே. மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். குலதெய்வம் உங்கள் வீட்டு விளக்கை அணையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் அப்பா
ஆ. ஆதிமூலம்

மடிக்கும் ஓரத்தில் இடம் இருக்கிறது, அம்மா ஒரு வரி எழுதச் சொல்கிறாள்: செவ்வந்தியைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே சம்பந்தி அம்மாளிடம் என் வேட்டி போன கதையை உன் அம்மாவே சொல்லிவிட்டாளாம்.