உள்ளே கொண்டுவரக் கூடாத துப்பாக்கி

வடமுனைக் கதிரளவை நிலையம். நிலையப் பதிவேடு.
எழுதுபவர்: மங்கையர்க்கரசி, பனியியல்.

நிழலின் ஒன்பதாம் ஆண்டு, அக்டோபர் 2. 09:10

வெளியே −27. காற்று மிதம். சூரிய ஒளி, இந்தப் பருவத்தில் இருக்கவேண்டியதில் பாதிக்குச் சற்று மேல். வெயிலைத் தணிக்க வானத்தில் தூசி தூவி இந்த நிழலைத் தொடங்கியவர்கள், நூற்றுக்கு இரண்டு பங்குதான் குறையும் என்று சொல்லியிருந்தார்கள். அப்போதே நான் நம்பவில்லை. நம்பாததால் எதுவும் மாறிவிடவில்லை.

தலைமையகத்தின் கடைசிச் செய்தி சென்ற மாதம் வந்தது: "கடல் உறைந்துவிட்டது. கப்பல் வராது. விமானம் ஒருமுறை வந்து ஒரு பெட்டியைப் போடும். அதை வைத்துச் சமாளியுங்கள்." பெட்டி நேற்று விழுந்தது. உலர் உணவு, மருந்து, ஒரு புதிய அரைத் தானியங்கித் துப்பாக்கி, கொஞ்சம் தோட்டா.

நிலையத்தில் மிஞ்சியிருப்பது இருவர். மற்றவர் சென்னியப்பன், மெக்கானிக். கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தவர். பழைய துப்பாக்கியில் தோட்டாவைத் தட்டும் ஊசி உடைந்துபோனதிலிருந்து வெறுங்கையோடுதான் இருந்தோம். மெலிந்த வெண்கரடி ஒன்று குப்பைக்குழி வரை வந்துபோகிறது.

துப்பாக்கி முழுவதும் தேன் நிறக் கிரீஸ் அப்பியிருந்தது. கையேடு எனக்குத் தெரியாத மொழியில் இருக்கிறது, படங்கள் போதும். தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துக்கொண்டு பிரித்தேன். பாகங்களைப் பூட்டும் பின்பக்கத்துப் பின், அதாவது ஆணி, நகரவேயில்லை. ரப்பர் துண்டு ஒன்றை மேலே வைத்துச் சுத்தியலால் தட்டியபின் முனகிக்கொண்டு வந்தது. மேல்மூடி, ஸ்ப்ரிங், தோட்டாவை ஏற்றும் போல்ட், அதைப் பின்னுக்குத் தள்ளும் பிஸ்டன். ஒவ்வொன்றையும் ஸ்பிரிட்டில் கழுவித் துடைத்து முழுக்கக் காயவைத்தேன்.

கையேட்டில் பனித்துகள் படத்துக்குக் கீழே எண்ணெய்க் குப்பி, அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. குளிரில் எண்ணெய் பிசினாகிவிடும். வீட்டுப் படத்துக்குள் துப்பாக்கி, அதன் மேலும் பெருக்கல் குறி. குளிர்ந்த இரும்பைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் வியர்க்கும்; அந்த நீர் வெளியே போனதும் உறையும். ஆகவே இனி துப்பாக்கி வாசல் கூண்டில், குளிரிலேயே இருக்கும். சென்னியப்பனிடம் சொன்னேன். தலையாட்டினார்.

அக்டோபர் 5. 11:30

சுட்டுப் பார்க்கும் வேலை. சென்னியப்பன் ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால். நான் உள்ளே, வயர்லெஸ்ஸில்.

"ஏனுங்க மேடம், போல்ட்டு புது மாப்பிள்ளையாட்ட முறுக்கிட்டு நிக்குதுங்க."

"இழுங்க. இழுக்க இழுக்கத்தான் இளகும்."

"மாப்பிள்ளைக்கும் அதே வைத்தியந்தானுங்க."

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது பாதி வழியில் நின்றது, கையால் இழுத்துவிட்டார். குற்றம் துப்பாக்கியில் இல்லை. புதிய ஸ்ப்ரிங், ஒன்றோடொன்று பழகாத இரும்பு. பிற்பகல் முழுவதும் தோட்டா இல்லாமல் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் கொஞ்சம் இணங்கியது.

அக்டோபர் 9. 08:45

பனிப்புயல். டீசல் தொட்டியில் மீதி குறைவு. அடுத்த இருப்பு மேட்டுக்கு அப்பால், கிடங்குக் கன்டெய்னரில். பனி வண்டி ஓடுவதில்லை. சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு நடந்துதான் போகவேண்டும். புயல் விடும்வரை போக முடியாது. டீசல் தீர்ந்தால் இந்த அறையும் வெளியும் ஒன்றுதான்.

அக்டோபர் 10. 18:30

இன்று ஆயுத பூஜை என்கிறார் சென்னியப்பன். தூசிக்குள் தெரிந்த நிலவை வைத்துப் போட்ட கணக்கு. சரிபார்க்க என்னிடம் வழியில்லை.

அவர் பட்டறை வழக்கப்படி, எல்லாக் கருவிகளையும் துடைத்துச் சாமி முன்னால் வைக்கவேண்டும். மறுநாள் மறுபூஜை முடியும்வரை ஒன்றையும் எடுக்கக் கூடாது, பிரிக்கக் கூடாது. நான் கருவியறையிலிருந்து வந்தபோது சமையல் மேசையில் ஸ்பேனர்கள், துளைக்கருவி, என் வெப்பமானி, எல்லாம் குங்குமப் பொட்டோடு வரிசையில் இருந்தன. பொரிக்குப் பதில் ஓட்ஸ். நடுவில் துப்பாக்கி. பளபளப்புக்காக எண்ணெய் தடவியிருந்தார். எண்ணெயின் மேல் நீர் முத்துமுத்தாக நின்றது.

பிரித்து உலர்த்தவேண்டும் என்றேன். காலையில் மறுபூஜை ஆனதும் தானே பிரித்துத் தருவதாகச் சொன்னார். ஆயுதத்தை வெளியே நிறுத்திவிட்டு ஆயுத பூஜையா என்று கேட்டார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவர் வீட்டிலிருந்து செய்தி வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது, இன்று காலையிலிருந்து அவர் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். நான் வற்புறுத்தவில்லை. புயல் நாளை மாலைக்கு முன் ஓயாது என்பது என் கணிப்பு. பிரிக்க நேரம் இருக்கிறது.

அக்டோபர் 11. 07:40

கணிப்பு தவறு. காற்று விடியலிலேயே நின்றுவிட்டது. ஆனால் பாரமானி மீண்டும் இறங்குகிறது, அடுத்த புயல் வருகிறது. அரை நாள்தான் கிடைக்கும். சென்னியப்பன் அவசரமாகக் கற்பூரம் காட்டிவிட்டுக் கிளம்பினார். பிரிக்கவில்லை. நான் போல்ட்டை இழுத்துப் பார்த்தேன், ஓடியது. சூடான அறையில் எல்லாம் ஓடும். அவர் மேட்டில் ஏறி மறைந்த பிறகுதான் இந்த வாக்கியம் எனக்குத் தோன்றியது. திரும்பச் சொல்லி அழைத்தேன். மேடு மறைத்துவிட்டது, பதில் இல்லை.

10:25

கிடங்கின் ஏரியல் வழியாகத் தொடர்பு கிடைத்தது.

"மேடம், கிடங்குக்கு வந்துட்டனுங்க. கரடி வழி பூரா பின்னாலயே வந்துச்சுங்க, வளத்த நாயாட்ட."

"சுட்டீங்களா?"

"ஒண்ணு சுட்டனுங்க. சத்தத்துக்கு நவுந்துச்சு. அடுத்தது ஏறவே மாட்டேங்குது. போல்ட்டு கல்லாட்ட நிக்குதுங்க."

"கதவைச் சாத்துங்க."

"சாத்திட்டேன். தாப்பாள் ஒண்ணுதான் நல்லாருக்குது. அது சுத்தி சுத்தி வருதுங்க. தகரத்த மோந்து பாக்குது."

10:50

"டீசலைக் கொளுத்த முடியுமா?"

"நெய்யாட்ட உறைஞ்சு கெடக்குதுங்க. லைட்டரும் பத்த மாட்டேங்குது."

"அப்ப துப்பாக்கியைப் பிரிக்கணும். முதல்ல மேகசின். அப்புறம் பின்பக்கத்துப் பின்னைத் தட்டுங்க."

"கையுறையோட புடிக்க முடியலீங்க."

"ஒரு கையில மட்டும் கழட்டுங்க. சீக்கிரம்."

நீண்ட நேரம் தட்டும் சத்தம். எனக்குப் புதிய இரும்பின் அந்த முனகல் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

"வந்துருச்சுங்க. பிஸ்டன் மேல ஐஸ், மேடம். வெள்ளையா, நாமம் போட்டாப்புல. போல்ட்டுல எண்ணெய் கோந்தாயிருச்சு." பிறகு, "நாந்தானுங்க பண்ணுனேன்."

"அது அப்புறம். போல்ட்டையும் பிஸ்டனையும் சட்டைக்குள்ள, நெஞ்சோட வச்சுக்குங்க. உருகினதும் துப்பாக்கியைச் சுத்தியிருந்த வேட்டித் துணியால துடைங்க. எண்ணெய் இருக்கக் கூடாது."

"ஐயோ சாமி. பேய் கட்டிப்புடிச்சாப்புல இருக்குதுங்க."

நான் சொன்ன வழி சரியானது. அந்த இரும்பு இளகுவதற்கு வேண்டிய சூடு அவருடைய உடம்பில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. அதுவும் சரியான கணக்கு.

12:15

"துடைச்சாச்சுங்களா?"

"துடைச்சனுங்க. மறுபடி உள்ள வச்சிருக்கேன். இப்பக் குளிரலீங்க."

"வெளிய எடுங்க. கோட்டை மூடுங்க. சென்னியப்பன், குளிரலைன்னா அது நல்லதில்லை."

"விரல் மடங்க மாட்டேங்குது. பின்னு எங்கயோ உளுந்துருச்சு."

"தூங்கக் கூடாது. பேசிக்கிட்டே இருங்க. உங்க பட்டறைக்கு என்ன பேரு?"

"பேரா?" வெகுநேரம் கழித்து, "இருந்துச்சுங்க."

13:30

பதில் இல்லை. வயர்லெஸ் பொத்தான் அமுங்கியே இருக்கிறது. தகரத்தில் நகம் உரசும் சத்தம் வருகிறது. அது நின்று நின்று வருகிறது, பொறுமையாக.

இங்கேயே இருந்தால் எனக்கு மிஞ்சியிருப்பது தொட்டியில் இருக்கும் டீசல் மட்டும். கிடங்குக்குக் கிளம்புகிறேன், ஆனால் டீசலுக்காக இல்லை. எதற்காக என்று எழுத வரவில்லை. எரிந்து வெளிச்சம் தரும் ஒளிக்குண்டு ஒன்று இருக்கிறது. போர்வைகள். இந்தப் பதிவேடு. காற்று எழும்பத் தொடங்கிவிட்டது.

கன்டெய்னரில். மணி தெரியவில்லை, வெளிச்சம் போகிறது

ஒளிக்குண்டைக் கரடியின் முன்னால் எறிந்தேன். விலகியது. ஓடவில்லை. கதவிடுக்கில் கத்தியை விட்டுத் தாழ்ப்பாளை நெம்பித் திறந்து, உள்ளே வந்து மறுபடி போட்டேன்.

சென்னியப்பன் உயிரோடு இருக்கிறார். கண் திறக்கவில்லை. நெஞ்சில் போல்ட்டின் வடிவம் வெள்ளையாகப் பதிந்திருக்கிறது. மற்ற பாகங்களை வேட்டித் துணியில் கழற்றிய வரிசைப்படியே வைத்திருந்தார். விழுந்த பின் ஆணி ஒரு டீசல் பீப்பாய்க்கு அடியில் கிடைத்தது. துப்பாக்கியைச் சேர்த்துவிட்டேன். உலர்ந்திருக்கிறது. இழுத்தால் தடையில்லாமல் ஓடுகிறது. தோட்டா மூன்று.

அவரைச் சறுக்குப் பலகையில் கட்டியாயிற்று. டீசல் பீப்பாய்க்கு இடமில்லை. கரடி கதவுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறது. ஓட்டையில் பார்த்தேன். காத்திருந்தால் போகலாம் என்று நினைத்தேன். புயல் வந்தால் போகலாம். விடிந்தால்

கைவிளக்கில் பார்க்கிறேன். துப்பாக்கிக் குழலின் மேல் வெள்ளையாக உறைபனி. இப்போது துடைத்தேன், மறுபடி வெள்ளை. மூடியின் இடுக்கிலும். எங்கிருந்து ஈரம் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. இத்தனை வருடம் இதைத்தானே அளந்தேன்.

மூச்சு. என்னுடையதும் அவருடையதும். இந்தத் தகரப் பெட்டிக்குள் நாங்கள் இருவரும் மூச்சு விடும்வரை இது உலராது; காத்திருந்தால் போல்ட் மறுபடி உறையும்.

அவர் மூச்சு இன்னும் சீராக இருக்கிறது. நான் என்னுடையதை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன். முடியவில்லை.

கதவைத் திறக்கி